ஏக்கர் கணக்கில் ஒரு ஊர்

எங்க அம்மா பொறந்தது கோலார் தங்கவயலில். வாக்கப்பட்டு வந்தது கிருஷ்ணகிரிக்கு வடக்கே, வேப்பனப்பள்ளிக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஒரு சேரிக்கு. இரண்டு ஊருக்கும் நடுவே மாநில எல்லை ஒன்று ஓடுகிறது என்பதே எனக்குப் பள்ளிக்கூடம் போன பிறகுதான் தெரியும். பஸ் போர்டில் எழுத்து மாறும். கடைப் பலகையில் எழுத்து மாறும். சுரங்கத்து லைன்களுக்குள் நுழைந்துவிட்டால் மறுபடியும் நம்ம பேச்சு, நம்ம சனம், நம்ம சாவுமேளம். "இன்னாடா, இப்பிடி மெலிஞ்சி பூட்ட" என்று கேட்டுக்கொண்டே ஆயா கதவைத் திறக்கும்.

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டபோது எனக்குப் பத்து வயசு. சங்குச் சத்தத்துக்கு எழுந்து, சங்குச் சத்தத்துக்கு உலை வைத்துப் பழகிய சனம் அதற்கப்புறம் ரொம்ப நாளைக்கு மணி தெரியாமல் அலைந்தது என்று பெரிய மாமா சொல்வார். பூமிக்கடியில் பாறைக்கு முட்டுக்கொடுக்கிற வேலை செய்தவர் அவர். மூடிய பிறகு ஓசூருக்கு வந்து ஒரு கம்பெனி கேட்டில் ராத்திரி வாட்ச்மேனாக உட்கார்ந்தார். ஊதா கலர் யூனிபாரம். அது அவருக்குப் பொருந்தவே இல்லை.

நானும் இப்போது ஓசூரில்தான் இருக்கிறேன். தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டு டுடோரியலில் பாடம் எடுப்பதும் சங்க வேலையுமாகப் பிழைப்பு ஓடுகிறது. சிப்காட்டை ஒட்டி நான் குடியிருக்கும் வரிசை வீடுகளில் தங்கவயல் பையன்கள் நாலு பேர் ஒரே ரூமில் தங்கியிருக்கிறார்கள். பாட்டன் சுரங்கத்தில், அப்பன் பெங்களூரில் செக்யூரிட்டி, பையன் ஓசூரில் கான்ட்ராக்ட். மூணு தலைமுறைக்கு மூணு கேட்டு. ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் அவர்களுடைய பேச்சு இதுதான்: "ஊர்ல ஏதோ பெருசா வரப்போகுதாமே, அண்ணா?"

வரப்போகிறது என்று சொல்லாத அரசு இல்லை. 2013-இல் உச்சநீதிமன்றம் உலக டெண்டர் விடுவதற்கு வழிவிட்டது. அப்போதும் பட்டாசு வெடித்தார்கள். பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் கையில் பன்னிரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் கிடக்கிறது. அதில் சுமார் 3,200 ஏக்கரில் தொழில் நகரம் அமைக்கலாம் என்று பெங்களூருக்கும் டில்லிக்கும் நடுவே பேச்சு நடந்தது. பெமல் தொழிற்சாலை பயன்படுத்தாமல் வைத்திருந்த தொள்ளாயிரத்துச் சொச்சம் ஏக்கரைத் தொழிற்பேட்டையாக்கும் யோசனை இன்னொன்று. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை, பதின்மூன்று கழிவு மேடுகளை ஏலம் விடுவதற்கு ஒன்றிய அரசு கேட்டிருந்த ஒப்புதலைக் கொடுத்தது. அந்த மேடுகள் இருக்கும் பரப்பு 1,003.4 ஏக்கர். அதில் இருக்கும் மண் சுமார் 3.3 கோடி டன். இப்போது சென்னை விரைவுச் சாலையும் பேத்தமங்கலம் பக்கமாகப் போகிறது. ஆகவே 'செத்த நகரம் உயிர்க்கப் போகிறது' என்கிறார்கள்.

இந்தத் திட்டங்களைப் பற்றிக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே அளவை. ஏக்கர். அதை விட்டால் டன். அங்கே இருக்கிற சனத்தை அளக்கிற சொல் ஒன்றும் கண்ணில் படவில்லை. வீடு என்று வந்தால் 'குடியிருப்பு', ஆள் என்று வந்தால் 'முன்னாள் ஊழியர்'. ஊர் என்ற வார்த்தையே கிடையாது. இது புதுப்பழக்கம் இல்லை. தங்கவயலுக்குப் போடப்பட்ட முதல் திட்டத்திலிருந்தே இப்படித்தான். அதைக் கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

திப்பு வீழ்ந்த பிறகு, மைசூரின் கிழக்கு எல்லையை அளப்பதற்காக வந்த ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி 1802-இல் மாரிகுப்பம் பக்கம் பொன் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தார். அங்கே பறையர்கள் குழிக்குள் இறங்கிக் கல்லை உடைத்து, கைமாற்றிக் கைமாற்றி மேலே ஏற்றி, பெண்கள் அதை இடித்து அரித்துப் பொன் எடுப்பதை எழுதி வைத்திருக்கிறார். ஆனால் 'தங்கவயலைக் கண்டுபிடித்தவர் யார்' என்று பொது அறிவுப் புத்தகத்தில் கேட்டால் மைக்கேல் லவெல் என்று போட வேண்டும். நியூசிலாந்து யுத்தத்திலிருந்து திரும்பி பெங்களூரில் குடியிருந்த அந்த அயர்லாந்துக்காரர் 1870-களில் மைசூர் அரசிடம் லைசென்ஸ் வாங்கினார், அவ்வளவுதான். லைசென்ஸ் வாங்கியவன் கண்டுபிடித்தவன். குழிக்குள் இருந்தவன் கணக்கில் இல்லை.

1880-களில் லண்டன் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. காரன்வால் தகரச் சுரங்கங்கள் படுத்துக்கொண்டிருந்த நேரம், அங்கிருந்து கேப்டன்களைக் கொண்டுவந்தார்கள். காவலுக்குப் பஞ்சாபிகள். பாறை வெட்டவும், வெட்டியதைத் தள்ளவும் வடஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்துச் சேரிகள். கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாம் அன்றைக்குச் சேலம் ஜில்லா. 1876-78 தாதுவருஷப் பஞ்சத்தில் பாதி சேரி செத்துப்போன பிறகு, மிச்சம் இருந்தவர்கள் எதற்காக இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும்? படியாளாகக் கூழுக்கு உழைத்தவன் கையில், வாழ்க்கையில் முதல்முறையாக, மாசத்துக்கு ஒரு நாள் காசு விழுந்தது. சுரங்கத்தைக் கொடுமை என்று மட்டும் எழுதுகிற முற்போக்குத் தோழர்களுக்கு இது பிடிபடுவதில்லை. கீழே போனால் சாவு இருக்கலாம். மேலே கிராமத்தில் ஆண்டை கட்டாயம் இருந்தான். எங்க தாத்தாவின் அப்பா ராத்திரியோடு ராத்திரியாக ஓடிப் போனவர்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுமார் முப்பதாயிரம் பேர் அங்கே வேலை செய்தார்கள். அதில் பெரும்பகுதி நம்ம சனம்.

இப்படிக் கூடிய சனத்துக்கு ஊர் எப்படிப் போட்டார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கம்பெனி நிலத்தில், சுரங்க வாயைச் சுற்றி, தொழிலாளிகளுக்கு லைன்கள். மூங்கில் தட்டி வீடுகள், குனிந்துதான் உள்ளே போக முடியும். மேட்டுப்பாங்கில் துரைகளுக்குப் பங்களா, கிளப்பு, மாதா கோயில். 1890-களின் கடைசியில் மைசூர் ராஜ்யத்தில் பிளேக் வந்தது. பெங்களூரில் மல்லேஸ்வரமும் பசவனகுடியும் அந்தப் பயத்தில் பிறந்த பேட்டைகள். அதே காலகட்டத்தில், சுரங்க லைன்களின் நெருக்கடியைக் குறைப்பதற்கு என்று சொல்லி, வயலுக்கு வெளியே நேர்கோடு நேர்கோடாக வீதி கிழித்து ஒரு புதிய நகரத்தை மைசூர் அரசு அமைத்தது. அப்போதைய பிரிட்டிஷ் ரெசிடெண்ட் டொனால்ட் ராபர்ட்சன் பெயரை வைத்தார்கள். அதுதான் ராபர்ட்சன்பேட்டை. இன்றைக்கும் கிராஸ் ரோடு நம்பர் சொல்லித்தான் அங்கே வீடு தேட வேண்டும்.

அந்தக் காலத்துக்கு அது நல்ல திட்டம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பேட்டையில் மனை வாங்கியவர்கள் யார்? ஜவுளிக்காரர், மளிகைக்காரர், வட்டிக்கடைக்காரர், மேஸ்திரி, குமாஸ்தா. குழிக்குள் இறங்கியவன் லைனிலேயே இருந்தான். பேட்டைக்கு அவன் சம்பள நாளன்றைக்கு மட்டும் வந்தான். வாங்கியதில் பாதியைப் பழைய கடனுக்கும், மீதியில் கொஞ்சத்தைப் புதுத்துணிக்கும் கொடுத்துவிட்டுத் திரும்பினான். ஊரின் நடுவீதி அவன் காசில் நடந்தது. நடுவீதியில் அவன் பேருக்கு ஒரு முழம் இல்லை.

1902-இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து 92 மைல் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். அவ்வளவு தூரம் மின்சாரத்தைக் கடத்தியது அன்றைக்கு உலகத்திலேயே அதிசயம். ஆசியாவில் முதல், இந்தியாவில் முதல் என்று பெருமை பேசுகிறவர்கள் இதை மறக்காமல் சொல்வார்கள். எங்க தாத்தா பொறந்தது அதற்கப்புறம் முப்பது வருஷம் கழித்து. சிம்னி விளக்கில்தான் படித்ததாகச் சொல்வார்.

துப்புரவுக்கு என்றே ஒரு சானிட்டரி போர்டு இருந்த ஊர் அது. ஊரின் நிர்வாகத்துக்கே அந்தப் பெயர். அதே ஊரில் 2011-இல்கூட எடுப்புக் கக்கூஸ்கள் இருந்ததும், கையால் மலம் அள்ளுகிறவர்கள் இருந்ததும், கழிவுக் குழிக்குள் இறங்கியவர்கள் செத்ததும் பத்திரிகைகளில் வந்தது. சுரங்கம் மூடியபின் வேறு வழியில்லாமல் அந்த வேலைக்குத் தள்ளப்பட்டவர்களும் அதில் இருந்தார்கள். சுமார் 3.2 கிலோமீட்டர் ஆழத்துக்குப் பாறைக்குள் போகத் தெரிந்த, அங்கே காற்றையும் குளிர்ச்சியையும் கொண்டுபோகத் தெரிந்த நிர்வாகத்துக்குப் பத்தடி ஆழத்தில் ஒரு பாதாளச் சாக்கடை போடத் தெரியவில்லை. 1965-இல் சாம்பியன் ரீப் சுரங்கத்தின் ஆழத்தில் வைத்துத்தான், வளிமண்டலத்திலிருந்து வரும் நியூட்ரினோ என்ற அணுத்துகளை விஞ்ஞானிகள் முதல்தடவை பிடித்தார்கள். கண்ணுக்கே தெரியாத துகளைப் பார்த்த ஊர், கண்ணெதிரே கூடையோடு போனவளைப் பார்க்கவில்லை.

திட்டம் போட்டவர்கள் கட்டிய ஊர் இது. நம்ம சனம் கட்டிய ஊர் இன்னொன்று உண்டு. அது எந்த வரைபடத்திலும் இல்லாததால் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும்.

அயோத்திதாச பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்குச் சென்னைக்கு வெளியே வேர் பிடித்த இடங்களில் முக்கியமானது மாரிகுப்பம். பண்டிதரே அங்கே வந்து போயிருக்கிறார். எம்.ஒய். முருகேசர் போன்றவர்கள் சங்கத்தை நடத்தினார்கள். எங்கள் பக்கத்துத் திருப்பத்தூரிலிருந்து பெரியசாமிப் புலவர் போன்றவர்கள் அந்த வட்டத்தில் இருந்தார்கள். பார்ப்பான் இல்லாமல் கல்யாணம், கருமாதி. புத்த பூர்ணிமை. ராத்திரிப் பள்ளிக்கூடம். பண்டிதர் 1914-இல் மறைந்து, அவர் நடத்திய 'தமிழன்' பத்திரிகையும் நின்றுபோன பிறகு, 1926-இல் அதை மறுபடி எடுத்து நடத்தியது தங்கவயல்தான். ஆசிரியர் ஜி. அப்பாதுரையார். பண்டிதருடைய நூல்களைச் சாம்பியன் ரீப் சித்தார்த்த புத்தகசாலை பதிப்பித்தது. தட்டி வீட்டில் இருந்துகொண்டு, ஷிப்ட் முடிந்து வந்து, கல் தூசி படிந்த கையோடு சந்தா கட்டிய சனம் அது. எம்.ஏ. வகுப்பில் இதழியல் வரலாறு ஒரு முழுப் பருவம் படித்தேன். மாரிகுப்பம் என்ற பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. வீட்டுக்குப் போய்த் தாத்தாவிடம் கேட்டபோது, "எங்கப்பாரு அந்தப் பேப்பர இஸ்துகினு வந்து திண்ணைல கூவிப் படிப்பாரு" என்று சாதாரணமாகச் சொன்னார்.

1930-இல் கம்பெனி தொழிலாளிகளைக் கைரேகை எடுத்துப் பதிவு செய்யப் பார்த்தது. ரேகை எடுப்பது யாரை? குற்றப்பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்டவர்களை, ஜெயில் கைதியை. எங்களைத் திருடன் என்று எழுதிக்கொள்ளப் பார்க்கிறாயா என்று ஆயிரக்கணக்கானவர்கள் வேலையை நிறுத்தினார்கள். ஏறத்தாழ மூன்று வாரம் சுரங்கம் நின்றது. கூலிக்காக மட்டும் நடந்த போராட்டம் இல்லை, மானத்துக்காக நடந்தது. அப்போது அவர்களுக்குத் தொழிற்சங்கம் என்று ஒன்று கிடையாது. சங்கம் பிறகு வந்தது, செங்கொடி வந்தது, கே.எஸ். வாசனும் வி.எம். கோவிந்தனும் வந்தார்கள். 1946 நவம்பரில் போலீஸ் சுட்டுத் தொழிலாளிகள் செத்தார்கள். அம்பேத்கர் வழியில் வந்த குடியரசுக் கட்சியின் சி.எம். ஆறுமுகத்தைத் தமிழர்கள் பெங்களூர் சட்டமன்றத்துக்கு அனுப்பியதும் இந்த ஊரிலிருந்துதான். ஊர் என்று நான் சொல்வது இதையெல்லாம் சேர்த்துத்தான்.

சுதந்திரத்துக்குப் பிறகான கதையை ஓட்டமாகச் சொல்லிவிடலாம். 1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962-இல் மத்திய அரசுக்குக் கைமாறியது. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் ஆனது. ஆரம்ப காலத்தில் டன் பாறைக்கு நாற்பது கிராமுக்கு மேல் கிடைத்த பொன், கடைசியில் மூன்று கிராம் சுற்றி வந்து நின்றது. எடுத்த பொன்னையும் பல வருஷம் வெளிச்சந்தை விலைக்கு விற்க முடியாமல், அதைவிடக் குறைந்த சர்வதேச விலைக்கு அரசுக்கே கொடுக்க வேண்டியிருந்தது. அப்படிக் கொடுத்துவிட்டு நஷ்டக் கணக்கு எழுதினார்கள். 120 வருஷத்தில் சுமார் 800 டன் தங்கம் போயிருக்கிறது. கடைசி நாளில் மிச்சம் இருந்தது மூவாயிரத்துச் சொச்சம் தொழிலாளிகள்.

மூடிய பிறகு ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதிக்கு என்ன ஆயிற்று என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சின்ன வயசில் எம்.ஜி. மார்க்கெட்டில் மாமாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தால் கூட்டம் என்னைத் தூக்கிக்கொண்டு போகும். பிறகு ஒவ்வொரு தடவை போகும்போதும் கூட்டம் இளைத்திருந்தது. துணிக்கடை போய்ச் செல்போன் கடை வந்தது. டெய்லர் கடை போய் ரெடிமேட் வந்தது. சினிமாக் கொட்டகை போயே போய்விட்டது. வட்டிக்கடை மட்டும் போர்டை மாற்றி எழுதிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சனம் போகவில்லை. 2011 கணக்கெடுப்பிலும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் அங்கே இருந்தார்கள். செத்த நகரம் என்று எழுதுகிறவர்கள் பகலில் வந்து பார்த்துவிட்டு எழுதுகிறார்கள். பகலில் சனம் ஊரில் இருக்காது. விடியும் முன்னே மாரிகுப்பத்தில் ரயில் ஏறி, நூறு கிலோமீட்டர் பெங்களூர் போய், அபார்ட்மெண்ட் வாசலிலும் கார்மெண்ட்ஸிலும் கட்டட வேலையிலும் நின்றுவிட்டு, ராத்திரி வந்து படுக்கிறது. 1894-இல் கம்பெனிக்காகப் போட்ட ரயில் பாதைதான் இன்றைக்கும் இந்தச் சனத்தைக் காப்பாற்றுகிறது. அந்த ரயிலுக்கு 'ஸ்வர்ணா' என்று பேர் வைத்திருக்கிறார்கள். வைத்தவருக்கு நகைச்சுவை உணர்ச்சி இருந்திருக்க வேண்டும்.

ஆகவே கடைவீதி படுத்ததற்குக் காரணம் ஊரில் ஆள் இல்லாதது அல்ல. ஊரில் வேலை இல்லாததும், இருக்கிற சம்பளம் வேறு ஊரில் செலவாவதும், குடியிருக்கும் வீடு தன்னுடையது என்று தைரியமாக ஒரு சுவர் எழுப்ப முடியாததும்தான். லைன் வீடுகளைக் குடியிருப்பவர்களின் பேருக்கே எழுதிக் கொடு என்பது மூடிய நாளிலிருந்து வரும் கோரிக்கை. பேப்பர் இல்லாத வீட்டை வைத்து பேங்கில் கடன் கிடைக்காது. கடன் இல்லாமல் ஒரு பெட்டிக்கடை போட முடியாது. கடைவீதியை எழுப்ப நினைக்கிறவன் முதலில் எழுத வேண்டியது பட்டா. அதை விட்டுவிட்டு மேட்டை அளக்கிறார்கள்.

அந்த மேடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1890-களில் சயனைடு முறை வந்த பிறகு, அரைத்துப் பொன் எடுத்த மாவைக் கொட்டிக் கொட்டி எழுந்த மலைகள் அவை. சைனைடு மேடு என்போம். காற்றடிக்கிற மாசத்தில் அந்த வெள்ளைத் தூசி சோற்றில் விழும், தூளியில் விழும். சினிமாக்காரர்களுக்கு அது பாலைவனம், செவ்வாய்க் கிரகம். 2018-இல் ஊர்ப் பேரையே தலைப்பாக வைத்து வந்து ஓடு ஓடென்று ஓடிய கன்னடப் படம் இங்கே எடுத்ததுதான். அதில் எங்க ஆயாவோ தாத்தாவோ இல்லை. 2024-இல் பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' வந்தபோதுதான் ஓசூர் தியேட்டரில் பெரிய மாமா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். படம் முடிந்து வெளியே வந்து, "நம்மாளுங்கோ" என்று மட்டும் சொன்னார். இப்போது அந்த மேட்டிலிருக்கும் மிச்சத் தங்கத்தை எடுக்கப் போகிறார்கள். எடுக்கட்டும். ஜோகன்னஸ்பர்க்கிலும் பழைய மேடுகளை மறுபடி அரைத்து எடுக்கிறார்கள், எடுக்க முடியும் என்பது தெரிந்த விஷயம்தான். ஆனால் நூற்றிருபது வருஷம் கொட்டிய தூசியைத் தின்றவனுக்கு, அதைத் தோண்டும்போது மறுபடி எழப்போகும் தூசி மட்டும்தான் பங்கா? கல்தூசி நுரையீரலில் இறங்கிய கிழவர்கள் லைனுக்கு லைன் இருமிக்கொண்டிருக்கிறார்கள்.

மூடிய சுரங்கத்தை என்ன செய்வது என்ற கேள்வி நமக்கு மட்டும் வந்ததல்ல. ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத்தில் சோல்ஃபெரைன் என்ற நிலக்கரிச் சுரங்கம் 1986-இல் மூடப்பட்டது. மாநில அரசு அதை இடிக்காமல் வாங்கிக் காப்பாற்றியது. 2001-இல் அது உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. அதே 2001-இல்தான் நம்முடையதற்குப் பூட்டுப் போட்டார்கள். நம்ம கேப்டன்கள் வந்த காரன்வால் இருக்கிறதே, அங்கே புல் முளைத்துக் கிடந்த என்ஜின் வீடுகளுக்கும் 2006-இல் அதே மரியாதை கிடைத்தது. கேப்டனின் ஊர் பாரம்பரியம், கூலியின் ஊர் காலிமனை. மியூசியம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு தன் தாத்தன் செத்த இடத்தைப் பார்க்கும் நிலைமையும் வரும். ஆனாலும் அங்கே இடிப்பதற்கு முன்னால் யோசித்தார்கள்.

தொழிற்பேட்டை வந்தால் போதும் என்கிற பையன்களுக்கு நான் ஓசூரைக் காட்டுகிறேன். 1970-களில் தமிழ்நாடு அரசு இங்கே சிப்காட் போட்டது. பெங்களூருக்குப் பக்கம், நிலம் மலிவு. அசோக் லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன் என்று வரிசையாக வந்தன. தேர்ப்பேட்டையைச் சுற்றியிருந்த பழைய ஊர் ஒரு மூலைக்குப் போய், நெடுஞ்சாலையை ஒட்டிப் புது ஊர் எழுந்தது. 2019-இல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. வேலை கொடுத்தது, உண்மை. சேரியிலிருந்து ஐ.டி.ஐ. படித்து உள்ளே போய் நிரந்தரமானவர்கள் வீடு கட்டினார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். அது முதல் அலை. இப்போது வருகிறவனுக்குக் கான்ட்ராக்ட், ட்ரெய்னி, பதினொரு மாசம். கம்பெனிக்கு ஏக்கர் கணக்கில் இடம் ஒதுக்கிய திட்டத்தில், அதில் வேலை செய்கிறவன் எங்கே படுப்பான் என்று யாரும் கோடு போடவில்லை. நான் ஓசூரில் முதல் வீடு தேடியபோது, அட்வான்ஸ் பேசி முடித்த பிறகு வீட்டுக்காரம்மா, "தப்பா நெனச்சிக்காதீங்க, நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டார். பதில் சொன்னேன். வீடு வேறு யாருக்கோ பேசியாகிவிட்டதாம்.

பேப்பரின் அருமை எனக்கு அப்பா பக்கத்துக் குடும்பத்திலிருந்தும் தெரியும். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்கீர் எழுதிய அறிக்கையை ஒட்டி 1892-இலிருந்து பஞ்சமர்களுக்குக் கொடுக்கப்பட்ட நிலத்தை எங்கள் பக்கம் டி.சி. நிலம் என்போம். மற்றவர்களுக்கு விற்கக் கூடாது என்று நிபந்தனை போட்ட நிலம். எங்க அப்பாவின் தாத்தாவுக்கு அப்படி ஒன்று இருந்தது. பெருநெல் கடனுக்கு ஒரு கை, கல்யாணக் கடனுக்கு ஒரு கை என்று மாறி, இன்றைக்கு அதில் கலர் கொடி நட்டு வீட்டுமனை விற்கிறார்கள். நிபந்தனை பேப்பரில் இருக்கிறது. பேப்பர் யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. எங்க அம்மா வீட்டில் பேப்பரே கிடையாது. அப்பா வீட்டில் பேப்பர் இருந்தும் நிலம் இல்லை.

அதனால் தங்கவயல் பையன்களோடு உட்கார்ந்து நாங்களே ஒரு திட்டம் எழுதினோம். பெரிய படிப்புத் திட்டம் இல்லை. லைன் வீட்டுக்குப் பட்டா, அதில் பெண்கள் பேரும் சேர்த்து. மேட்டு மண்ணிலிருந்து வரும் வருமானத்தில் ஒரு பங்கு நேராக நகரசபைக்கு, சாக்கடைக்கும் தண்ணீருக்கும் மார்க்கெட்டுக்கும் என்று எழுதி வைத்து. தோண்டுவதற்கு முன்னால் எல்லாக் கிழவர்களுக்கும் நெஞ்சுப் பரிசோதனை. தொழிற்பேட்டை வந்தால் முதல் ஆள் உள்ளூர் ஆள், நிரந்தர ஆள். ரயிலைக் கூட்டு. சாம்பியன் ரீப்பில் 'தமிழன்' அச்சான இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து அங்கே ஒரு நூலகம். கடைசியைச் சேர்க்கலாமா வேண்டாமா என்று சண்டை வந்தது. சோத்துக்கே வழியில்லை, நூலகம் எதுக்கு என்றான் ஒருத்தன். பெரிய மாமாதான் சேர்க்கச் சொன்னார்.

ஒரு திங்கட்கிழமை மாமா, அத்தை, லைன் பெண்கள் சிலர், நான் எல்லோருமாக மனுவை எடுத்துக்கொண்டு ஒரு ஆபீசுக்குப் போனோம். தமிழில் எழுதியிருந்ததைப் பார்த்துக் கன்னடத்தில் வேண்டும் என்றார்கள். அது அவர்கள் ஊர் சட்டம், குறை சொல்ல ஒன்றும் இல்லை. வெளியே டீக்கடையில் உட்கார்ந்து, கன்னட மீடியத்தில் படித்த பக்கத்து வீட்டுப் பொண்ணு முழுசையும் மாற்றி எழுதிக் கொடுத்தது. பட்டா, நூலகம் ரெண்டுக்கும் கன்னடத்தில் என்ன சொல் என்று டீக்கடைக்காரரும் யோசனை சொன்னார். கையெழுத்து மட்டும் எல்லோரும் தமிழில் போட்டார்கள். அத்தை ரேகை வைக்கப் போனவள், மை டப்பாவைப் பார்த்ததும் தள்ளி வைத்துவிட்டு, பேனாவை வாங்கி நேரம் எடுத்துக்கொண்டு நாலு எழுத்தில் பேரை எழுதினாள். ரசீது மாமாவிடம் இருக்கிறது. அடுத்த மாசம் இரண்டாவது திங்கட்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள்.